பூனைக்கென்று வாங்கிய குளுக்கோமீட்டர்: 7 மாதத்துக்குப் பிறகு

எங்கள் கருப்பிக்கு 12 வயது. சர்க்கரை நோய் என்று தெரிந்து முதல் இரண்டு மாதம் அம்மாவின் குளுக்கோமீட்டரிலேயே அவளுக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம், அப்புறம்தான் விலங்குகளுக்கென்றே செய்த மீட்டரை வாங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்சுலின் போடும் பூனை வீட்டில் இருந்தால் இந்த மாதிரி ஒன்றை வாங்குங்கள். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மனிதர்களுக்கான மீட்டர் ஏன் போதாது? நம் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸில் சுமார் 58 சதவீதம் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில் இருக்கிறது, மீதி சிவப்பணுக்களுக்குள். பூனைக்கு அப்படியில்லை, ஏறக்குறைய 93 சதவீதம் பிளாஸ்மாவிலேயே இருக்கும். நம் கணக்கை வைத்துச் செய்த மீட்டர் பூனையின் ரத்தச் சர்க்கரையைப் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஒரு நாள் மாலை பழைய மீட்டர் 68 என்று காட்டியது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டதோ என்று பதறிப்போய் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு, ஈறில் தேனைத் தடவிவிட்டு, இரவு பாதி விழித்திருந்தோம். அவளோ சாதாரணமாக நடந்து போய்த் தட்டைத் தேடினாள். அந்த 68 நிஜத்தில் எவ்வளவாக இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள எங்களிடம் ஒரு வழியும் இல்லை, அன்றைக்குத்தான் புதிய மீட்டர் வாங்க முடிவு செய்தேன்.

புதியதில் ஸ்ட்ரிப் (ரத்தத் துளியைத் தொட்டு எடுக்கும் பட்டை) டப்பாவின் மேல் பூனைக்கு ஒரு எண், நாய்க்கு ஒரு எண் என்று போட்டிருக்கும். புது டப்பா பிரிக்கும்போதெல்லாம் பூனைக்கான எண்ணை மீட்டரில் வைக்க வேண்டும், இதை மட்டும் மறக்கவே கூடாது. ரத்தம் குண்டூசி முனை அளவு போதும், அது பெரிய நிம்மதி. ஏனென்றால் பூனையின் காதில் அதற்கு மேல் எடுப்பது லேசில்லை.

காதில் குத்துவதுதான் எல்லோரும் பயப்படும் விஷயம். எனக்குக் கை பழக ஒரு வாரம் ஆனது. காது ஜில்லென்று இருந்தால் ரத்தமே வராது, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிடம் காதோடு சேர்த்துப் பிடித்தால் ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்த நரம்பு வெளிச்சத்தில் தெரியும். அந்த நரம்புக்கும் காதின் விளிம்புக்கும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான இடத்தில்தான் குத்த வேண்டும், நரம்பிலேயே இல்லை. பின்பக்கம் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டால் விரலில் குத்தாது. வாசலின் துளி தடவியிருந்தால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும், ஸ்ட்ரிப்பின் நுனியை அதில் தொட்டால் தானே உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் பஞ்சால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, அவளுக்குப் பிடித்த ஒரு துண்டு கோழிக்கறி. இப்போது மீட்டர் பையின் ஜிப் சத்தம் கேட்டாலே தானாக வந்து மடியில் உட்காருகிறாள்.

சரி, இந்த மீட்டர் எங்களுக்கு உண்மையில் செய்த உதவிக்கு வருகிறேன். காலை ரீடிங் தினமும் 400-ஐ ஒட்டியே இருந்ததால் இன்சுலின் டோஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 3 யூனிட்டில் நின்றது. ஒரு விடுமுறை நாளில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை பார்த்தேன். காலை 7 மணிக்கு 412, அப்புறம் 301, 148, மதியம் 1 மணிக்கு 61. அந்த 61-ஐப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. உடனே சாப்பாடு கொடுத்தேன், மூன்று மணிக்கு 97, ஐந்துக்கு 265, ஏழுக்கு 388. அதாவது அவளுக்கு இன்சுலின் போதாமல் இல்லை, மதியத்தில் தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டு உடம்பு தற்காத்துக்கொள்ள மறுபடி ஏற்றிக்கொண்டிருந்ததைத்தான் நாங்கள் காலையிலும் மாலையிலும் பார்த்திருக்கிறோம். ஏழு எண்களையும் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன், டாக்டர் டோஸை 2 யூனிட்டாகக் குறைத்தார். சில வாரங்களில் காலை ரீடிங் 240 பக்கம் வந்தது, மதியம் 110, 120. குறைத்ததால் குறைந்தது! ஆஸ்பத்திரியில் எடுத்த ஒற்றை ரீடிங்கில் இது ஒருநாளும் தெரிந்திருக்காது, அங்கே போனாலே பயத்தில் பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும். டோஸை நீங்களாக மாற்றாதீர்கள், எண்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

குறைகளில் முதலாவது ஸ்ட்ரிப். மனிதர்களுக்கானதைவிட விலை அதிகம், எல்லா மருந்துக்கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள். ஒருமுறை நான்கு நாள் இல்லாமல் தவித்துவிட்டு இப்போது எப்போதும் ஒரு டப்பா கூடுதலாக வைத்திருக்கிறேன். கூடவே வரும் லான்செட் (குத்தும் குட்டி ஊசி) பேனா போடும் 'டக்' சத்தத்தில் கருப்பி துள்ளி எழுந்துவிடுவாள், அதனால் பேனாவை ஓரங்கட்டிவிட்டு வெறும் லான்செட்டைக் கையில் பிடித்தே குத்துகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு முறை பார்த்தால் 15, 20 வித்தியாசம் வரும். எந்த மீட்டரிலும் இது இருப்பதுதான் என்பதால் 180-க்கும் 195-க்கும் நடுவே மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் ஊசி போடும் முன் 100-க்குக் கீழே காட்டினால் போடாமல் டாக்டரைக் கூப்பிடுகிறேன், அது அவர் எங்களுக்குச் சொல்லிவைத்த வரம்பு.

தோலில் ஒட்டும் சென்சாரும் ஒருமுறை வைத்துப் பார்த்தோம். 14 நாள் இருக்க வேண்டியதை ஐந்தாம் நாளே நக்கிப் பிய்த்துவிட்டாள். ஒட்டியிருந்தவரை ராத்திரி எப்படி இறங்குகிறது என்று காட்டியது, குத்தவும் வேண்டாம். ஆனால் அது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தைத்தான். சர்க்கரை வேகமாக இறங்கும்போது சற்றுப் பின்தங்கியே காட்டும். அதனால் சென்சார் வைத்தாலும், அது ரொம்பக் குறைவாகக் காட்டினால் காதில் ஒருமுறை பார்த்துக்கொள்ள மீட்டர் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, மீட்டர் வாங்கும்போதே சிரிஞ்சையும் எடுத்துப் பாருங்கள். இன்சுலின் புட்டியில் யூ-40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) என்று இருந்தால் சிரிஞ்சும் யூ-40, யூ-100 என்றால் யூ-100. மாற்றிப் போட்டால் டோஸ் இரண்டரை மடங்கு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும், அதை எந்த மீட்டரும் முன்கூட்டிச் சொல்லாது. பூனை தள்ளாடினாலோ, சுருண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ எண்ணுக்காகக் காத்திருக்காமல் முதலில் ஈறில் தேன் அல்லது குளுக்கோஸ் தடவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள், மீட்டரை வழியில் பார்த்துக்கொள்ளலாம்.