அப்பாவின் இதய எம்.ஆர்.ஐ: கொழும்பில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையம்

எக்கோவில் (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) அப்பாவின் இதயம் பம்ப் பண்ணும் பலம் குறைந்திருப்பது தெரிந்தது. காரணம் பிடிபடவில்லை என்று டொக்டர் எம்.ஆர்.ஐ எழுதித் தந்தார். வெள்ளவத்தை வீட்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் மனிதர், குழாய்க்குள் முக்கால் மணித்தியாலம் எப்படிப் படுத்திருப்பார் என்றுதான் எனக்குப் பயம்.

ஸ்கேன் நிலையத்துக்குப் போன் எடுத்து அதைச் சொன்னதும், வேகமாக எடுக்கும் முறை இருக்கிறது என்றார்கள். வழக்கமான முறையில் பல துடிப்புகளில் தரவு சேர்த்துத்தான் ஒரு படம் உருவாகும். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். வேகமான முறையில் ஒரே துடிப்புக்குள் குறைந்த தரவை எடுத்து, மீதியைக் கணினி கணக்கிட்டு நிரப்புகிறது. அப்பா சாதாரணமாக மூச்சு விட்டபடியே கிடந்தார். படம் கொஞ்சம் தெளிவு குறையலாம் என்பதையும் ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபர் மறைக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

இன்னும் பிடித்தது, ஸ்கேனுக்கு முன் அவர் அவசரப்படாதது. பேஸ்மேக்கர், சத்திரசிகிச்சையில் வைத்த கிளிப் என்று உடலுக்குள் உள்ளவை எல்லாம் கேட்ட பிறகு, "ஐயா, ஷெல் பட்ட காயம் ஏதும் இருக்கோ?" என்று தமிழில் கேட்டார். அப்பாவின் தொடையில் பழைய காயம் இருக்கிறது. உள்ளே இரும்புத் துண்டு கிடந்தால் எம்.ஆர்.ஐ இயந்திரத்தின் காந்தம் அதை இழுக்கலாம். அதனால் முதலில் எக்ஸ்ரே. ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே உள்ளே விட்டார்கள்.

சிறுநீரக இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத்தான் படத்தில் வேறுபாடு காட்டும் காடோலினியம் என்ற மருந்தை ஊசியாகப் போட்டார்கள். பத்து நிமிடமளவு கழித்து எடுக்கும் படத்தில் இதயத் தசையில் உள்ள தழும்பு வெள்ளையாகத் தெரியும். மாரடைப்புத் தழும்பு இதயச் சுவரின் உட்பக்கத்தில் தொடங்கும். அழற்சியால் வருவது பெரும்பாலும் நடுவிலோ வெளிப்பக்கத்திலோ இருக்கும். அப்பாவுக்கு வெளிப்பக்கத்தில். பழைய இதய அழற்சி என்று டொக்டர் முடிவுக்கு வந்தார். எக்கோவைவிடக் காசு பல மடங்கு கூட, ஆனால் இந்தப் பதில் வேறு வழியில் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஒரு குறை. கையெழுத்து வைக்கும் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. அதில் ஷெல் காயம் பற்றிய கேள்வியும் இல்லை. அன்று பணியில் இருந்தவர் தானாகக் கேட்டார். இன்னொரு நாள் இன்னொருவர் கேட்பாரா? போர் நடந்த வடக்கு, கிழக்கிலிருந்து எத்தனையோ பேர் இங்கே வருகிறார்கள். தமிழ்ப் படிவம் ஒன்றை அடித்து, அந்தக் கேள்வியை அதில் முதலாவதாகப் போடுங்கள் என்று வரவேற்பு மேசையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.