புதுச்சேரி உப்புக்காற்றில் ஒரு ஒயின் அலமாரி: நான்காவது வருடத்தில் எழுதுவது

எங்கள் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) குடும்பம் என்றால் இந்த ஊரில் விளக்கம் தேவையில்லை. பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் அவரும் சித்தியும், ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று சுங்கத்தில் விடுகிற கணக்குக்குள், ஐந்து பாட்டில் ஒயின் கொண்டுவருவார்கள். 2019 கிறிஸ்துமசுக்குக் கொண்டுவந்த ஐந்தையும் "அடுத்த தடவை சேர்ந்து திறப்போம், வச்சிரு" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாடி அறை பீரோவில் துணிகளுக்கு நடுவே படுக்கவைத்தேன். பிறகு கொரோனா வந்தது. 2021 டிசம்பரில்தான் அவரால் வர முடிந்தது.

ஐந்தில் மூன்று போய்விட்டது. தக்கை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தது, மேல் தாளைப் பிரித்தால் கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. ஊற்றினால் சிவப்பு இல்லை, செங்கல் நிறம். பேரீச்சம்பழத்தைத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்த மாதிரி வாசனை. சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு கிளாசைக் கீழே வைத்தார். "போனாப் போவுது தம்பி. ஆனா இதைப் பண்ணினவன் ஒரு வருசம் முழுக்க மழையையும் வெயிலையும் பாத்துப் பாத்துப் பண்ணியிருப்பான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பிளைட் ஏறிய வாரமே ஒயின் அலமாரி, அதாவது ஒயினைக் குளிர்ச்சியாகக் காக்கிற ஃப்ரிட்ஜ் மாதிரிப் பெட்டி, தேட ஆரம்பித்தேன். 2022 பிப்ரவரியில் வாங்கினேன்.

இத்தனை நாள் ஓட்டிப் பார்த்ததில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். நம் கடலோரத்தில் எந்தக் கம்பெனி அலமாரி என்பது இரண்டாம்பட்சம். அதை எந்தச் சுவர் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள், என்ன கரண்ட் கொடுக்கிறீர்கள், இந்த இரண்டும்தான் பாட்டிலைக் காப்பாற்றும். இரண்டிலும் நான் முதலில் தப்புப் பண்ணினேன்.

வாங்கும்போது கடைக்காரர் முதலில் காட்டியது கம்ப்ரசர் இல்லாத ரகம். சத்தமே வராது, அதிர்வே கிடையாது, விலையும் பாதி. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகடு வைத்துச் செய்தது. அதில் உள்ள சிக்கல், வெளியே இருக்கிற சூட்டிலிருந்து பத்துப் பதினைந்து டிகிரிதான் அதனால் இறக்க முடியும். கத்திரி வெயிலில் வீட்டுக்குள்ளேயே 36 டிகிரி இருக்கும்போது அது 22-க்குக் கீழே வருவதே சந்தேகம். ஒயினுக்கு வேண்டியது 12 முதல் 14. எனவே கம்ப்ரசர் வைத்த 46 பாட்டில் ரகத்தை எடுத்தேன். பின்பக்க ஸ்டிக்கரில் கிளைமேட் கிளாஸ் என்று ஓர் எழுத்து இருக்கும். வாங்கும் முன் அதைக் கட்டாயம் பாருங்கள். 'என்' (N) என்றால் 32 டிகிரி சுற்றுச்சூடு வரைக்கும், 'எஸ்டி' (ST) என்றால் 38 வரைக்கும், 'டி' (T) என்றால் 43 வரைக்கும் தாங்கும். ஐரோப்பாவுக்கென்று செய்து இங்கே வந்து விற்கிறவற்றில் 'என்' நிறைய. நம் ஊருக்கு 'எஸ்டி' குறைந்தபட்சம், கிடைத்தால் 'டி'.

வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்தால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் தாராளமாக வைக்கலாம். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் ஓடுகிறது, உள்ளே காற்று காய்ந்து கிடக்கும். மாதக்கணக்கில் வைத்தால் தக்கை வறண்டு சுருங்கி, காற்று உள்ளே புகுந்துவிடும். பாட்டிலைப் படுக்கவைப்பதும் இதற்காகத்தான், தக்கை எப்போதும் நனைந்தே இருக்கவேண்டும்.

எங்களுடையது முத்தியால்பேட்டையில் முற்றம் வைத்த பழைய வீடு. அலமாரி வந்த அன்று, சமையலறையில் புதிதாகப் போட்ட மர வேலைப்பாட்டுக்குள் அளவெடுத்துச் செய்தது போல ஓர் இடைவெளி இருந்தது. பார்க்க அழகாக இருக்கும் என்று அதற்குள் தள்ளினோம். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள், அதனால் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்த பிறகே ஸ்விட்ச் போட்டேன். கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப அவ்வளவு நேரம் கொடுக்கவேண்டும். அதுவரை சரி. ஏப்ரல் பிறந்ததும் கம்ப்ரசர் நிற்கவே இல்லை. இரவு இரண்டு மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுத் தகட்டில் கை வைத்தால் சுட்டது. என்னுடையது தனியாக நிற்பதற்கென்று செய்த ரகம், சூட்டைப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் விடும். மரச்சட்டத்துக்குள் பொருத்தவேண்டுமென்றால் முன்பக்கம் கீழே சூட்டைத் தள்ளுகிற வேறு ரகம் இருக்கிறது. விற்றவர் இதைச் சொல்லவில்லை, நானும் புத்தகத்தைப் படிக்கவில்லை.

அம்மாதான் இடம் சொன்னார். "உள்ரூம்ல வையேன்டா, அங்கதான் உங்க தாத்தா அரிசி மூட்டை போடுவாரு." முற்றத்துக்கு மேற்கே, ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒன்றரை அடி சுண்ணாம்புச் சுவர், வெயில் எந்த நேரமும் படாது. ஒரு வாரம் தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மே மாத மதியத்தில் மாடி அறைக்கும் இதற்கும் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அலமாரியை அங்கே மாற்றி, பின்னால் நான்கு விரற்கடை, பக்கங்களில் அதே அளவு இடம் விட்டேன். அன்றிரவே கம்ப்ரசர் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. சமையலறையை விட்டு வந்ததில் இன்னொரு லாபம், கருவாட்டு வாசனையும் பெருங்காயமும் கிட்ட வராது. தக்கை வழியாக வாசனை மெல்ல உள்ளே போகும் என்பதால் அந்த அறையில் அந்துருண்டையையும் எடுத்துவிட்டோம்.

பழைய சிவப்புத் தரை என்பதால் மட்டம் இல்லை. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்து கால்களைத் திருகித் திருகிச் சரிசெய்தோம். மட்டம் தவறினால் கதவு முழுசாக அழுந்தாது. மெல்லிய நூல் அளவு சந்து போதும், ஐப்பசி மழையில் அதன் வழியாக ஈரக்காற்று புகுந்து உள்ளே தண்ணீராக வழியும். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை.

ஈரப்பதம்தான் எனக்கு அதிக வேலை வைத்தது. புத்தகங்களில் தக்கை காயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், உள்ளே தண்ணீர்க் கிண்ணம் வைக்கச் சொல்வார்கள். அது காய்ந்த ஊர்களுக்கான யோசனை. நமக்குத் தலைகீழ். 2022 நவம்பரில் கீழ்த்தட்டில் இருந்த பாட்டில்களின் லேபிளில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. 50-லிருந்து 80 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கலாம், 70 பக்கம் இருந்தால் உத்தமம். என் டிஜிட்டல் மீட்டர் 72 காட்டிக்கொண்டிருந்தது, அப்புறம் எப்படிப் பூஞ்சை?

மீட்டரைச் சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் அடைத்து ஒரு ராத்திரி விட்டால் உள்ளே சரியாக 75 சதவீதம் நிற்கும். முதல் தடவை மரக்காணத்துக் கல் உப்பில் செய்தேன், அது சரிவராது. கடல் உப்பில் மக்னீசியம் கலந்திருக்கும், கணக்கு கீழே இறங்கிவிடும். சுத்திகரித்த தூள் உப்பில் செய்தபோது மீட்டர் 64 காட்டியது. அதாவது பதினொன்று குறைவாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே இருந்தது 83. கதவு ரப்பரின் கீழ் மூலை மடங்கியிருந்ததைக் கண்டுபிடித்து, வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி நிமிர்த்தினேன், மழைக்காலத்தில் கதவு திறப்பதை வாரத்துக்கு ஒரு தடவை என்று குறைத்தேன், பின்னால் தண்ணீர் வடியும் ஓட்டையில் இருந்த அடைப்பை எடுத்தேன். 70-க்கு வந்தது. நெடுநாள் வைக்கப்போகிற பாட்டில்களின் லேபிள் மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்று சுற்றியிருக்கிறேன். சுவைக்கு அதனால் ஒன்றுமில்லை, ஆனால் எந்த ஊர், எந்த வருடம் என்று படிக்க முடியாத பாட்டிலை விருந்தாளி முன் வைக்க மனசு வராது.

வெப்பநிலை விஷயத்திலும் முகப்பில் எரிகிற எண்ணை நம்பவேண்டாம். அது காற்றின் சூடு. ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தெர்மாமீட்டரின் கம்பியை உள்ளே விட்டு நடுத்தட்டில் வைத்திருக்கிறேன். முகப்பு எண் 11-க்கும் 15-க்கும் ஆடும்போதும் தண்ணீர் 13-ஐ விட்டு அசையாது. ஒயினும் அப்படித்தான் இருக்கும். மேல் பகுதிக்கு ஒன்று, கீழ்ப்பகுதிக்கு ஒன்று என்று இரண்டு வெப்பநிலை வைக்கிற வசதிக்குக் கூடக் காசு கொடுத்தேன். ஆறு மாதத்தில் இரண்டையும் 13-இல் வைத்துவிட்டேன். வெள்ளையோ சிவப்போ, காத்து வைக்க 13 போதும். வெள்ளையைப் பரிமாறும் முன் அரை மணி நேரம் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் தீர்ந்தது.

46 பாட்டில் என்பது பிரான்சின் போர்தோ வட்டாரத்து ஒயின் பாட்டில் கணக்கு, நேரான தோள், ஏழரை சென்டிமீட்டர் அகலம். பூர்கோஞ் என்கிற இன்னொரு பிரெஞ்சு வட்டாரத்துப் பாட்டிலும் ஷாம்பெய்னும் வயிறு பெருத்தவை. அவை கலந்தால் எனக்கு 35 தாண்டியதில்லை.

கரண்டுக்கு வருகிறேன். முதலில் ஸ்டெபிலைசர் இல்லாமல் நேராகச் சுவரில் சொருகியிருந்தேன். 2023 ஜூலையில் ஒரு சாயங்காலம் இடி இடித்து, விளக்குகள் ஒரு தடவை பளிச்சென்று ஏறி இறங்கின. அலமாரியின் கன்ட்ரோல் போர்டு அத்தோடு போயிற்று. போர்டு சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார்கள், வந்து சேர 19 நாள் ஆனது. அந்த நாட்களில் பாட்டில்களைப் படுக்கையறைக்கு மாற்றி, ஏசியை 24-இல் இரவும் பகலும் ஓட்டினோம். கரண்ட் பில்லைப் பார்த்து வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது எர்த் சரிபார்த்து, கரண்ட் திரும்ப வந்தால் மூன்று நிமிடம் தாமதித்துக் கொடுக்கிற ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறேன். இன்வெர்ட்டரில் இணைப்பவர்கள் சைன் வேவ் ரகமா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் ரகத்தில் கம்ப்ரசர் உறுமும், சூடாகும், ஆயுள் குறையும். செலவு அதிகமில்லை. பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்துப் பார்த்ததில் மே மாதம் நாளுக்கு 0.9 யூனிட், ஜனவரியில் 0.5.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் தலைக்கு மேலேயே கரை ஏறியது. கரண்ட் போய் இன்வெர்ட்டரும் தீர்ந்தது. அலமாரியைச் சுற்றி இரண்டு ஜமக்காளத்தைப் போர்த்தி, கதவைத் திறக்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். முப்பது மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது தண்ணீர் பாட்டில் 19 காட்டியது. வெளியே மழைக்குளிர் இருந்ததும், அலமாரி முக்கால்வாசி நிறைந்திருந்ததும்தான் காப்பாற்றின. நிறைந்த அலமாரி சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். காலி அலமாரி வைத்திருப்பவர்கள் தண்ணீர் பாட்டிலாவது அடுக்கி வையுங்கள். கரண்ட் வந்ததும் ஜமக்காளத்தை உடனே எடுக்க மறக்கக்கூடாது.

உப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவே சில தெருக்கள்தான். பின்பக்கத் திருகுகள் இரண்டாம் வருடமே துருப்பிடித்தன, கதவின் கீழ்க் கீலும் அப்படியே. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் சூட்டை வெளியே விடுகிற கண்டன்சர் கம்பிகளைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் திருகுகளுக்குத் துருத் தடுப்பு ஸ்பிரே அடிக்கிறேன். காற்றிலிருந்து வாசனையை வடிகட்டும் கரி ஃபில்டர் வருடத்துக்கு ஒன்று. போன மாதம் கதவு ரப்பர் முழுவதையும் மாற்றினேன்.

இவ்வளவுக்கும் பலன் இருக்கிறதா என்று நானே பார்த்துவிட நினைத்தேன். 2022 ஜூலையில் ஒரே கடையில் ஒரே வருடத்து நாசிக் ஷிராஸ் (சிவப்பு ஒயின்) இரண்டு வாங்கி, ஒன்றை அலமாரியிலும் மற்றொன்றைக் கூடத்து மர ஷெல்ஃபிலும் வைத்தேன். 2024 பொங்கலுக்குச் சித்தப்பா வந்தபோது எதில் எது என்று சொல்லாமல் ஊற்றிக்கொடுத்தேன். ஒன்றில் கறுப்பு மிளகும் நாவல்பழமும் அப்படியே இருந்தன. மற்றொன்று தட்டையாக, கொஞ்சம் வெல்லப்பாகு நாற்றத்தோடு. அவர் முகர்ந்த உடனேயே காட்டிவிட்டார். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும், அதே ஷிராஸை வாங்கிய மாதமே குடித்திருந்தால் இரண்டுமே நன்றாகத்தான் இருந்திருக்கும். கடையில் கிடைக்கிற பெரும்பாலான ஒயின் ஒன்றிரண்டு வருடத்தில் குடிப்பதற்கே செய்தது. மாதம் ஒரு பாட்டில் வாங்கி முடிப்பவருக்கு இந்தச் செலவு வேண்டாம், வீட்டின் குளிர்ந்த மூலையே போதும். வருடக்கணக்கில் காக்கவேண்டிய நல்ல போர்தோ, சொத்தேர்ன் (இனிப்பு வெள்ளை ஒயின்) மாதிரியானவை கையில் இருந்தால்தான் அலமாரிக்கு அர்த்தம்.

போன தடவை வந்தபோது சித்தப்பாவை அழைத்துக்கொண்டு மியூசியம் போனேன். அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த மண்சாடித் துண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஒயின் வந்த சாடிகள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், கப்பலில், இந்த வெயிலில். அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். "எப்படிடா காப்பாத்தினாங்க?" என்று கேட்டார். உள்பக்கம் கீல் என்கிற மரப்பிசின் பூசி, வாயை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றேன்.

இப்போது உள்ளே 31 பாட்டில். கீழ்த்தட்டு வலது ஓரத்தில் அவர் கொடுத்த 2010 மெதோக் (போர்தோ பக்கத்துச் சிவப்பு ஒயின்) ஒன்று இருக்கிறது. போர்தோவில் அது அருமையான வருடம். நேற்று இரவு தண்ணீர் பாட்டில் 13.1.