ஸ்டீம் டெக் ஓலெட்: பேட்டரிக் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கான கேமிங் கருவி

வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் எல்சிடி திரையோடு வெளியிட்ட கையடக்க கேமிங் கருவியான ஸ்டீம் டெக், 2023 நவம்பரில் ஓலெட் திரையோடு வந்தது. 7.4 அங்குலத் திரை, 90 ஹெர்ட்ஸ், 50 வாட்-அவர் பேட்டரி, எடை சுமார் 640 கிராம். பழைய மாடலின் பேட்டரி 40 வாட்-அவர்தான். இரண்டுக்கும் இடையே தயங்குகிறவர்கள் ஓலெட்டையே எடுக்கலாம். திரையை விட, கூடுதல் பேட்டரியும் குறைந்த சூடும்தான் காரணம்.

இதன் பெரிய பலம் பவர் பட்டன். ஒருமுறை அழுத்தினால் கேம் அப்படியே உறைந்துவிடும். மறுபடி அழுத்தினால், பாதித் தாவலில் அந்தரத்தில் நின்ற கதாபாத்திரம் சில நொடிகளில் தரையில் வந்து இறங்கும். சேவ் பாயின்ட் தேடி ஓட வேண்டாம். கிடைக்கிற பத்து நிமிடத்தில் விளையாடுகிறவர்களுக்கு இந்த ஒரு வசதியே போதும். ஆன்லைன் கேம்களில் மட்டும் இது உதவாது. சர்வர் தொடர்பு அறுந்துவிடும்.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. சிப் மட்டுமே 15 வாட் வரை இழுக்கும். திரை, ஃபேன், வைஃபை எல்லாம் சேர்ந்தால் 20 வாட்டைத் தாண்டும். அதாவது கனமான கேமில் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். இதைக் கூட்ட, வலப்பக்கம் மூன்று புள்ளி போட்ட பட்டனை அழுத்தி, பேட்டரி படம் உள்ள பகுதிக்குப் போங்கள். முதலில் அந்த கேமுக்கான தனி ப்ரொஃபைலை ஆன் செய்யுங்கள். இதை மறந்தால் இந்த அளவுகள் எல்லா கேம்களுக்கும் பொருந்தி, அடுத்த கேம் காரணமே தெரியாமல் திக்கும். பிறகு ஃப்ரேம் லிமிட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற வரம்பை, 45-இல் வையுங்கள். 90 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்படுவதால் அசைவு சீராக இருக்கும்; 30-இல் உணரும் இழுவை இருக்காது. கடைசியாக டிடிபி லிமிட்டை, அதாவது சிப் இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை, ஒவ்வொரு வாட்டாகக் குறையுங்கள். 45 ஃப்ரேம் தடுமாறத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு வாட் ஏற்றிவிடுங்கள். எளிய 2டி கேம்கள் பலவற்றுக்கு 5, 6 வாட்டே போதும்.

சார்ஜர் 45 வாட் யுஎஸ்பி-சி. அதைவிடச் சிறிய போன் சார்ஜரில் போட்டு கனமான கேம் ஆடினால், சார்ஜ் ஏறுவதற்குப் பதில் மெல்ல இறங்கும். இருப்பதே ஒரு போர்ட் என்பது உண்மையான குறை: சார்ஜ் போட்டபடி டிவியில் இணைக்க டாக் என்ற பல போர்ட் இணைப்புப் பெட்டி கட்டாயம்.

இதில் ஓடுவது லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம்ஓஎஸ். விண்டோஸ் கேம்களை ப்ரோட்டான் என்ற அடுக்கு ஓட்டுகிறது. தனிநபர் கேம்களில் இது வியக்கத்தக்க அளவு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஆன்டி-சீட், அதாவது ஆன்லைன் கேம்களில் ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள், பெரிய சுவர். வாலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடாது. நண்பர்களோடு ஆடுவது அவைதான் என்றால் இதை வாங்கவே வேண்டாம். கேம் டெக்கில் ஓடும் என்று வால்வ் தரும் 'வெரிஃபைடு' முத்திரையையும் முழுதாக நம்பக் கூடாது. கேம் திறக்கும், பட்டன்கள் பொருந்தும், எழுத்தைப் படிக்க முடியும் என்பதையெல்லாம் பார்த்துத் தருவதுதான் அது; ஆனாலும் வேகத்துக்கு முழு உத்தரவாதம் இல்லை. சில புதிய பெரிய கேம்கள் அந்த முத்திரையோடும் 30 ஃப்ரேமுக்குத் திணறும்.

வியூக கேம்களில் எழுத்து பொடியாகத் தெரியும். ஸ்டீம் பட்டனோடு எல்1 சேர்த்து அழுத்தினால் பூதக்கண்ணாடி வரும். இரண்டு டச்பேடுகளும் மவுஸ் கேம்களுக்கு அருமையானவை. இந்த விஷயத்தில் போட்டிக் கருவிகள் பல பின்தங்கியே இருக்கின்றன.

மைக்ரோ எஸ்டி கார்டில் கேம் போட்டாலும் ஷேடர் என்ற கிராஃபிக்ஸ் கோப்புகள் உள் சேமிப்பிலேயே குவியும் என்பதை நினைவில் வையுங்கள். இடம் போதாமல் எஸ்எஸ்டி மாற்ற நினைத்தால், வாங்க வேண்டியது எம்.2 2230 அளவு. நீளமான 2280 உள்ளே நுழையாது. பின்மூடியில் எட்டு ஸ்க்ரூக்கள், இரண்டு நீளங்களில் இருக்கும். கழற்றிய வரிசையிலேயே தனித்தனியாக வையுங்கள். ஸ்க்ரூவைத் தொடும் முன் மைக்ரோ எஸ்டி கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். மறந்து மூடியை நெம்பினால் கார்டு சரியாக நடுவில் இரண்டாக ஒடியும்.