கிராஸ் கன்ட்ரி ஃபினிஷ் லைன்: லைன் ஸ்கேனா, செல்போனா?

கிராஸ் கன்ட்ரி போல மைதானத்துக்கு வெளியே நடக்கும் ஓட்டங்களில், உலகத் தடகள விதிப்படி, நேரத்தை அடுத்த முழு நொடிக்கு ஏற்றித்தான் எழுதுவார்கள். அணிப் புள்ளியோ இடங்களின் கூட்டல். குறைந்த கூட்டுத்தொகைக்கே வெற்றி. ஆக, இங்கே கேமராவின் வேலை நூறில் ஒரு நொடியைப் பிடிப்பதல்ல. 14ஆவது யார், 15ஆவது யார் என்று சொல்வதுதான்.

லைன் ஸ்கேன் கேமரா கோட்டை மட்டும் மெல்லிய கீற்றாக நொடிக்கு 1000 முறையோ கூடுதலாகவோ பதிவு செய்யும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு பதிவுக்கு அரை செ.மீ. நகர்வார். நொடிக்கு 60 ஃப்ரேம் எடுக்கும் செல்போன் வீடியோவில் அதுவே 8 செ.மீ.க்கு மேல், 240இல் 2 செ.மீ. மாவட்ட அளவுக்கு 240 தாராளம்.

ஆனால் வைக்கும் இடம் பிசகினால் எல்லாம் வீண். கோட்டின் நீளம் 4 மீட்டர், கேமரா அருகு முனையிலிருந்து 6 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா கோட்டு நேரிலிருந்து 20 செ.மீ. விலகி, தூர முனையைக் குறிபார்த்து நின்றால், அருகு முனையில் 8 செ.மீ. பிழை வரும். கோட்டின் இரு முனையிலும் கம்பு நட்டு, திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை டிரைபாடை நகர்த்துங்கள். உயரம் 3 மீட்டருக்குக் குறைந்தால் கேமராவுக்கு அருகில் வருபவர் அவருக்கு அப்பால் வருபவரை மறைப்பார்.

பக்கவாட்டிலிருந்து மார்பு எண் தெரியாது. லைன் ஸ்கேனுக்கு இடுப்பில் எண் ஸ்டிக்கர் வேண்டும், அல்லது எதிரே பார்க்கும் இரண்டாவது கேமரா. வீடியோவில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். எனக்கு அது பெரிய வசதி.

செல்போனின் தொல்லைகள் வேறு. எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டி, ஷட்டரை 1/1000 நொடியில் வையுங்கள். ஃப்ரேம் வேகம் ஏறி இறங்குவதால் ஃப்ரேம் எண்ணி நேரம் கணக்கிட வேண்டாம். நொடிக்கு 30 ஃப்ரேமாக ஓடும் ஸ்லோ மோஷனாகச் சேமித்தால் 240இன் நேரம் 8 மடங்கு நீளும். ஸ்டார்ட்டில் துப்பாக்கிப் புகை தெரிந்ததும் அழுத்திய ஸ்டாப்வாட்சைக் கொண்டுவந்து கேமராவுக்குக் காட்டுங்கள். சத்தத்தை நம்பினால் 340 மீட்டருக்கு ஒரு நொடி தாமதம்.

ஷூவில் கட்டும் நேரப்பதிவு சிப் காலின் வரவைச் சொல்லும். விதி கேட்பதோ தலை, கழுத்து, கை, கால் நீங்கிய உடலின் வரவை. நெருக்கமான முடிவில் கேமராவே தீர்ப்பு.

மழை பெய்து எண்ணில் சேறு அப்பிவிட்டால் எந்தக் கேமராவும் உதவாது. கோட்டுக்கு அப்பால் கயிறு கட்டிய ஒற்றை வழியில், வந்த வரிசையிலேயே எண்ணைக் கேட்டு எழுத ஒருவர் நிற்கட்டும்.