வேலூர்க் கோடையில் திணறும் கிராபிக்ஸ் கார்டு: பேஸ்ட்டை மாற்றுவதா, மின்னழுத்தத்தைக் குறைப்பதா?

கத்திரி வெயிலில் வேலூரின் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில், அதுவரை சீராக ஓடிய விளையாட்டு அரை மணி நேரத்திலேயே தடுமாறத் தொடங்கினால், கார்டு பழசாகிவிட்டது, புதிது வாங்கு என்ற ஆலோசனைதான் முதலில் வருகிறது. சத்துவாச்சாரியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுடன் மூன்று கோடைகளைக் கழித்தவன் நான். பல ஆயிரம் ரூபாயைச் செலவிடுவதற்கு முன் இரண்டு வழிகளை எடைபோட்டுப் பார்க்கும்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வேன். கார்டைப் பிரித்து, சிப்புக்கும் அதைக் குளிர்விக்கும் ஹீட்சிங்க் என்ற உலோக அமைப்புக்கும் இடையே பூசப்படும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது ஒன்று. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், கார்டுக்குச் செல்லும் மின்னழுத்தத்தை மென்பொருள் வழியாகக் குறைக்கும் அண்டர்வோல்டிங் மற்றொன்று.

இவ்விரண்டும் வெப்பத்துக்கான மருந்துகள் மட்டுமே என்பதால், குறை வெப்பத்தால்தான் வந்ததா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். கார்டின் நிலையைக் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து வைத்து விளையாடும்போது, கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேல் நிற்க, வெப்பம் 80 டிகிரியைக் கடந்து, கடிகார வேகம் (சிப் இயங்கும் வேகம்) படிப்படியாக இறங்கினால், காரணம் பெரும்பாலும் வெப்பமே. பயன்பாடே 60 விழுக்காட்டில் நின்றால் பிழை வேறிடத்தில் இருக்கிறது: நொடிக்கு இத்தனை படங்கள் என்ற ஃபிரேம் வரம்பு போடப்பட்டிருக்கலாம், பிராசசர் ஈடுகொடுக்காமல் இருக்கலாம், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்திருப்பதால் 3200 வேக டிடிஆர்4 ரேம் 2133 அல்லது 2400-இல் ஓடலாம். மானிட்டர் கேபிள் கார்டில் அல்லாமல் மதர்போர்டில் செருகப்பட்டிருப்பதும் அடிக்கடி காணும் பிழை. டிரைவரைப் புதுப்பித்த நாளிலிருந்துதான் தொல்லை என்றால், சேஃப் மோடில் பழைய டிரைவரை முழுவதுமாக நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதே வழி.

வெப்பம்தான் என்று உறுதியான பின், கேபினட்டைத் திறந்து புழுதியை ஊதி அகற்ற வேண்டும். ப்ளோயர் காற்றில் ஃபேன் கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் கெடும் என்பதால் அதை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். அதன் பிறகும் வெப்பம் இறங்காதபோதுதான் ஒப்பீடு தொடங்குகிறது.

பேஸ்ட்டை மாற்றுவதால் கார்டு உண்டாக்கும் வெப்பம் குறைவதில்லை; சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்கு அது எளிதாகக் கடந்துபோகிறது, அவ்வளவே. 170 வாட் மின்சாரம் உண்ணும் கார்டு, புதிய பேஸ்ட்டுடனும் அதே 170 வாட் வெப்பத்தை அறைக்குள்தான் கொட்டும். காற்றோட்டமில்லாத அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கார்டின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே ஏறும் என்பதை நினைத்தால், நம் ஊருக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

அண்டர்வோல்டிங்கோ வெப்பத்தின் ஊற்றையே சுருக்குகிறது. ஒரே கடிகார வேகத்தில் சிப் உண்ணும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும் என்பதால், 1.05 வோல்ட்டில் ஓடும் சிப்பை 0.90 வோல்ட்டுக்கு இறக்கினால் அதன் திறன் ஏறத்தாழ கால்பங்கு குறையும். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்-உம் சேர்த்து அழுத்தினால் வரும் மின்னழுத்த-வேக வளைகோட்டை, 0.90 வோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸ் அளவில் தட்டையாக்குவதே என் 3060-க்கு நான் செய்தது. ஒவ்வொரு சிப்பின் தாங்குதிறனும் வேறு. விளையாட்டு பாதியில் மூடிக்கொண்டால் 25 மில்லிவோல்ட் கூட்டி மீண்டும் சோதிக்க வேண்டும். பல மாலைகளைக் கேட்கும் வேலை இது, ஆனால் பணச்செலவு இல்லை, வாரண்டி ஸ்டிக்கரையும் தொட வேண்டியதில்லை.

அப்படியானால் பேஸ்ட் எப்போது தேவை? எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) வெப்பத்துக்கும் கார்டின் பொது வெப்பத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். என்விடியா 30 வரிசைக் கார்டுகளில் இது 10 முதல் 15 டிகிரி வரை இருப்பது இயல்பு. 25-ஐத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்து விலகியிருக்கவோ, ஹீட்சிங்க் சரியாகப் பொருந்தாமல் இருக்கவோ வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் அண்டர்வோல்டிங் செய்வது காய்ச்சலை மறைப்பதற்கு ஒப்பாகும்.

என் கார்டில் இடைவெளி 12 டிகிரிதான் என்பதால் நான் அதைப் பிரிக்கவே இல்லை. காட்பாடி நண்பர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 3060 டிஐ கார்டில் அது 30-ஐத் தொட்டது. வாரண்டி முடிந்திருந்ததால் துணிந்து பிரித்தோம். மெமரி சிப்புகளின் மேல் இருக்கும் தெர்மல் பேடுகளின் தடிமனை முன்கூட்டியே அறிந்துகொண்டு, ஃபேன் ஒயரை நிதானமாகக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சிப்பைத் துடைத்துப் புதிய பேஸ்ட் இட்டோம். இடைவெளி 14-க்கு இறங்கிய மறுநாள்தான் அவர் மின்னழுத்தத்தில் கை வைத்தார்.