கார் ஸ்கேனுக்கு எந்த லேப்டாப்: புதிய மலிவு மாடலா, பழைய ஆபீஸ் பெட்டியா?

காரோடு கேபிளால் இணைத்து அதன் கோளாறுகளைப் படிக்கவும் சரிசெய்யவும் என்றே ஒரு லேப்டாப் வைத்திருக்கிறேன். 2012இல் வெளிவந்த மாடல், திங்க்பேட் எக்ஸ்230. மூடியெல்லாம் கீறல், 'ஈ' பட்டனில் கிரீஸ் விரல்தடம். அதற்கு முன்னால் இதே வேலைக்குப் புத்தம்புதிதாக ஒன்று வாங்கினேன். அது இப்போது வீட்டில் பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் பயன்படுகிறது. ஆக, நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். நடுநிலை அலசல் வேண்டுபவர்கள் இதைப் பாதி தள்ளுபடி செய்தே படிக்கலாம்.

எல்லாரும் முதலில் கேட்பது பிராசஸரையும் ராமையும்தான். அதைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். காரின் கம்பியில் ஓடும் தகவல் ரொம்பக் கொஞ்சம். இன்றைய கார்களின் கேன் பஸ் (காருக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு), ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேன் கேபிளைச் செருகும் இடம்) பெரும்பாலும் நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் பேசுகிறது. பழைய கார்களில் ஸ்கேனுக்கு இருந்த கே-லைன் இன்னும் மெதுவு, சுமார் 10.4 கிலோபிட். இதற்கு எந்தப் பிராசஸரும் மூச்சு வாங்காது. 4 ஜிபி ராமில் பெரும்பாலான மென்பொருள் ஓடும், 8 இருந்தால் நிம்மதி. பிஎம்டபிள்யூவின் இஸ்டா போன்ற டீலர் மென்பொருள்தான் விதிவிலக்கு. அது டிஸ்க்கில் பல பத்து ஜிபியை விழுங்கும்.

போனும் புளூடூத் அடாப்டரும் போதாதா என்றால், செக் என்ஜின் லைட்டைப் படித்து அழிக்கப் போதும். ஓபிடி-2 என்ற பொது விதி புகை சம்பந்தப்பட்ட விஷயங்களுக்காக வந்தது. ஏபிஎஸ், ஏர்பேக், இன்ஜெக்டர் கோடிங் என்று உள்ளே போக அந்தந்தக் கம்பெனிக்கான மென்பொருள் வேண்டும். விசிடிஎஸ் (ஃபோக்ஸ்வேகன் குழுமம்), ஃபோர்ஸ்கேன் (ஃபோர்டு), டெக்ஸ்ட்ரீம் (டொயோட்டா) எல்லாம் விண்டோஸில் பிறந்தவை. குரோம்புக்கில் அவை ஓடாது. ஏஆர்எம் சிப் வைத்த புதிய விண்டோஸ் லேப்டாப்பிலும் கவனம் தேவை. மென்பொருள் எமுலேஷனில் (வேறு வகை சிப்புக்கு எழுதிய நிரலை மொழிபெயர்த்து ஓட்டும் வழி) திறந்துகொள்ளும், ஆனால் கேபிளுக்கான டிரைவரை எமுலேட் செய்ய முடியாது. ஏஆர்எம்முக்கென்றே எழுதிய டிரைவர் இருந்தால்தான் கேபிள் கண்விழிக்கும். (கார் பற்றிப் பேசும்போது 'டிரைவர்' என்றால் குழப்பம்தான். இங்கே முழுக்க முழுக்க கேபிளை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருளைத்தான் சொல்கிறேன்.)

மீதி இருப்பவை மூன்று: கடையில் கிடைப்பதிலேயே விலை குறைந்த புது லேப்டாப், ஆபீஸ்களில் ஓடி ஓய்வுபெற்ற செகண்ட் ஹேண்ட் லேப்டாப், பானாசோனிக் டஃப்புக் மாதிரி முரட்டு ரக செகண்ட் ஹேண்ட்.

புதியதின் நல்லதை மறைக்க மாட்டேன். எடை குறைவு, சூடாகாது, சத்தமில்லை. காலையில் சார்ஜ் போட்டால் மாலை வரை நின்றது. வாரண்டி உண்டு. விண்டோஸ் 11 முறைப்படி வரும். என்னுடையது எஸ் மோடில் வந்தது, அதாவது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளதைத் தவிர எதையும் நிறுவ விடாது. அதை இலவசமாக நீக்கிவிடலாம், ஆனால் நீக்கியபின் திரும்பிப் போக முடியாது. நமக்குத் திரும்பிப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

தொல்லை ஆரம்பித்தது ஒரு ஏபிஎஸ் பிளீடிங்கில், அதாவது பிரேக் லைனிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையில். நண்பர் சீட்டில் உட்கார்ந்து பிரேக் பெடலை மிதிக்கிறார். லேப்டாப்பை ஒரு பெயிண்ட் டப்பா மேல் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து "மிதிங்க… விடுங்க…" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏபிஎஸ் பம்ப் கர்ரென்று சுற்றி நிற்கிறது. இரண்டு சக்கரம் முடித்துவிட்டு, பிரேக் ஆயில் பாட்டிலை நிரப்பிவிட்டு வருவதற்குள் விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. திரும்பி வந்ததும் மென்பொருள் சொன்னது: இன்டர்ஃபேஸ் கிடைக்கவில்லை. அப்டேட்டோடு சேர்ந்து கேபிளின் டிரைவரும் மாறியிருந்தது. "இன்னும் மிதிக்கணுமா?" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. என்ன பதில் சொல்வது?

அப்டேட்டை நிறுத்தி வைக்காதது என் தப்பு. ஆனால் அடுத்து நடந்தது அந்த லேப்டாப்பின் தப்பு. அதில் இருந்தது 64 ஜிபி இஎம்எம்சி. எஸ்எஸ்டி மாதிரி தோன்றும், ஆனால் மதர்போர்டிலேயே சால்டர் செய்த ஒரு சிப். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் போக மிஞ்சிய இடம் சொற்பம். அதனால் பழைய நிலைக்குத் திரும்பும் ரீஸ்டோர் பாயின்ட் எதுவும் உள்ளே தங்கவில்லை. கழற்றி வேறு டிஸ்க் போடவும் வழியில்லை. அந்த ஒரே சிப்பில் எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸிலிருந்து மறுபடி நிறுவினேன். கார் அன்றிரவு ஜாக்கியிலேயே நின்றது.

இந்த டிரைவர் விவகாரத்தை அற்பம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். யுஎஸ்பி கேபிள்களுக்குள் இருக்கும் எஃப்டிடிஐ கம்பெனியின் சிப்புக்கு உலகம் முழுக்கப் போலிகள் உண்டு. 2014இல் அந்தக் கம்பெனி வெளியிட்ட டிரைவர், போலி சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. டிரைவர் வந்து சேர்ந்தது விண்டோஸ் அப்டேட் வழியாக. நேற்றுவரை வேலை செய்த கேபிள்களை மறுநாள் கணினிக்கு அடையாளம் தெரியவில்லை. தன் கேபிளுக்குள் இருப்பது அசலா போலியா என்று வாங்கியவருக்கே தெரியாத உலகம் இது.

எனவே எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேகமோ திரையோ பேட்டரியோ அல்ல. டிஸ்க்கைக் கையால் உருவி எடுக்க முடியுமா என்ற ஒற்றைக் கேள்விதான்.

எக்ஸ்230இல் அது எப்படி என்று சொல்கிறேன். முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுவேன். வலது ஓரத்தில் ஒரு சின்ன மூடி, அதற்கு ஒரே ஒரு ஸ்க்ரூ. மூடி வந்துவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால், இரண்டு பக்கமும் ரப்பர் மாட்டிய 2.5 இஞ்ச் டிஸ்க் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ரப்பரைப் பிரித்து அடுத்த டிஸ்க்கில் மாட்டி உள்ளே தள்ளினால் அது வேறொரு கணினி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 7 மில்லிமீட்டர் தடிமன் டிஸ்க்தான் இதில் நுழையும். பழைய 9.5 மில்லிமீட்டர் டிஸ்க் வாசலிலேயே நின்றுவிடும்.

எதற்கு இத்தனை டிஸ்க்? கார் மென்பொருள்கள் ஒரே வீட்டில் ஒத்துப்போகாத சம்பந்திகள். ஒன்று தன் டிரைவரை நிறுவும், அடுத்தது வந்து அதன் மேல் தன்னுடையதை நிறுவும், முதலாவது கோபித்துக்கொள்ளும். அதற்கு மேல் வயசுப் பிரச்சினை. சில பழைய கேபிள்களுக்கு 32-பிட் விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் உண்டு. 16-பிட் காலத்து நிரல்களை 64-பிட் விண்டோஸ் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11இல் 32-பிட் பதிப்பே கிடையாது. நம் கைக்கு வரும் கார்களோ நேற்று வாங்கியவை அல்ல.

என்னிடம் மூன்று டிஸ்க், மேலே பேப்பர் டேப்பில் பெயர். முதலாவதில் 32-பிட் விண்டோஸ் 7, கே-லைன் கார்களுக்கு. அதில் யுஎஸ்பி சீரியல் போர்ட்டின் லேட்டன்சி டைமரை (வந்த தகவலை லேப்டாப்புக்கு அனுப்பும் முன் கேபிள் சிப் காத்திருக்கும் நேரம்) 16 மில்லிசெகண்டிலிருந்து 1க்குக் குறைத்து வைத்திருக்கிறேன். கே-லைனில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் நேரக்கணக்கு கறார், 16இல் வைத்தால் பாதிப் பேச்சில் இணைப்பு அறுந்துவிடுகிறது. இரண்டாவதில் 64-பிட் விண்டோஸ் 10, புதிய மென்பொருளுக்கு. மூன்றாவதில் முதல் இரண்டின் முழு நகல்கள், குளோன்ஜில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளால் எடுத்தவை. எது கெட்டாலும் நகலிலிருந்து எழுதிவிட்டால் சுத்தமாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் ஆதரவை நிறுத்திவிட்டதே என்று கேட்பார்கள். இந்த டிஸ்க்குகள் இன்டர்நெட் பக்கமே போவதில்லை. கோப்பு வேண்டுமென்றால் பென் டிரைவில் வரும். இணையம் வழியாக லைசென்ஸ் சரிபார்க்கும் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தாது.

ஒரே கணினியில் விர்ச்சுவல் மெஷின் (ஒரு விண்டோஸுக்குள் இன்னொரு விண்டோஸ்) போட்டால் போதாதா? கேன் கார்களில் பல நேரம் ஒத்துழைத்தது. கே-லைனில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. யுஎஸ்பி இரண்டு அடுக்கு தாண்டிப் போவதில் நேரம் பிசகுகிறது.

பழைய ஆபீஸ் லேப்டாப்பின் குறைகளும் எனக்கு நன்றாகவே பழக்கம். பேட்டரி முதலாவது. கையாலேயே கழற்றி மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் எக்ஸ்230, டி430 திங்க்பேட் தலைமுறையின் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்), அங்கீகாரமில்லாத பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறுக்கும். மலிவான மாற்று பேட்டரி ஒன்றைப் போட்டு, அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது, திரை. 1366க்கு 768, வெயிலில் கண்ணாடி மாதிரி என் முகத்தைத்தான் காட்டும். ஒரு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்து, லேப்டாப்பை அதற்குள் வைத்து வேலை செய்கிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

எரர் கோடு படிக்க மட்டும் என்றால் பேட்டரி பற்றிக் கவலையே வேண்டாம், பாதியில் அணைந்தாலும் மறுபடி படிக்கலாம். இசியூவுக்குள் (காரின் கட்டுப்பாட்டுக் கணினிக்குள்) மென்பொருளை எழுதும்போதுதான் ஆபத்து. பாதியில் நின்றால் இசியூ உயிரில்லாத பெட்டியாகிவிடலாம். அப்போது லேப்டாப் சார்ஜரில் இருக்க வேண்டும். காரின் பேட்டரிக்கும் வோல்டேஜ் விழாமல் தாங்கும் சப்போர்ட் சார்ஜர் வேண்டும். புது லேப்டாப்பின் நீண்ட பேட்டரி இங்கே பெரிய அனுகூலம் என்பார்கள். கார் பேட்டரி இறங்கிவிட்டால் அதுவும் கைகொடுக்காது.

விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டும் என்பவர்கள் 2018இன் திங்க்பேட் டி480ஐப் பார்க்கலாம். எட்டாம் தலைமுறை இன்டெல் உள்ளதென்றால் முறைப்படி ஏற்கும். உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருப்பதை மாற்றலாம். டிஸ்க்கையும் மாற்றலாம்தான், ஆனால் அடிமூடி முழுவதையும் கழற்ற வேண்டும். டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகைகளில் நான் நீண்ட நாள் வேலை செய்ததில்லை. கேட்க வேண்டிய கேள்வி அங்கேயும் அதேதான்.

டஃப்புக்கை ஒரு வாரம் இரவல் வாங்கி வைத்திருந்தேன், எனவே அந்த அளவுக்குத்தான் என் பேச்சு. மாடல் சிஎஃப்-31. கைப்பிடி பிடித்துத் தூக்கினால் டூல் பாக்ஸ் கனம், மூன்றரை கிலோவுக்கு மேல். வெயிலில் திரை பளிச்சென்று தெரிந்தது. நிஜமான சீரியல் போர்ட் இருந்தது. என் ஒற்றைக் கேள்விக்கு அதன் பதில் எக்ஸ்230ஐவிட அழகு: ஸ்க்ரூவே இல்லை, தாழ்ப்பாளைத் தள்ளினால் டிஸ்க் தன் கூண்டோடு வெளியே வரும். பிறகு ஏன் வாங்கவில்லை? செகண்ட் ஹேண்டில் வருபவை பல அந்தக் கூண்டு இல்லாமல் வருகின்றன. கூண்டில்தான் இணைப்பு கேபிளும் இருக்கிறது, அதைத் தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். எனக்கு மூன்று கூண்டு வேண்டும். மழையிலும் சேற்றிலும் தினசரி வேலை செய்பவராக இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கும். வாரம் ஒரு காருக்கு அந்தக் கனம் அதிகம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பலரும் விடுவது பயாஸ் பாஸ்வேர்ட். லேப்டாப் விண்டோஸ் வரைக்கும் நன்றாகவே போகும். வேறு டிஸ்க்கிலிருந்து பூட் செய்ய பயாஸ் செட்டிங்கை மாற்றப் போகும்போதுதான், பழைய ஆபீஸ் போட்டுவைத்த பூட்டு தெரியும். இந்தத் தலைமுறையில் அதை எடுப்பது சால்டரிங் வரை போகிற வேலை. திங்க்பேடில் ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி உள்ளே போய், ஒரு செட்டிங்கை மாற்றிச் சேமித்துப் பார்த்த பிறகு விலை பேசலாம்.

கூடவே ஒரு பென் டிரைவைக் கொண்டுபோய் ஒவ்வொரு யுஎஸ்பி போர்ட்டிலும் செருகி மெல்ல ஆட்டிப் பாருங்கள். கார் கேபிள் நாள் முழுக்க அந்தப் போர்ட்டில்தான் தொங்கப் போகிறது. என்னுடையதில் இடது பக்கம் ஒன்று ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. அதனால் கேபிள் எப்போதும் வலது பக்கத்து மஞ்சள் போர்ட்டில். அது யுஎஸ்பி 2.0 என்பதால், யுஎஸ்பி 3.0க்கு டிரைவர் இல்லாத விண்டோஸ் 7 டிஸ்க்கும் அதை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறது.