சளிக்கு ஊசி கிடையாது: பாளையங்கோட்டையில் ஒரு கிளினிக்

பாளை மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு சின்ன கிளினிக். ஆறு வருடமாக அம்மாவை அங்கேதான் கூட்டிப் போகிறேன். டாக்டர் பெயரைப் போடவில்லை. போட்டால், ஆள் வைத்து விளம்பரம் எழுதச் சொன்னார் என்று யாராவது மனு கொடுப்பார்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். யார் எதற்கெல்லாம் மனு கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். டோக்கன் மாலை 5 மணிக்குத்தான். 4 மணிக்கே போய் வரிசையில் செருப்பைப் போட்டு வைத்தால் கம்பவுண்டர் அக்கா எடுத்து ஓரமாக எறிந்துவிடுவார். பெஞ்சு மூன்று, அதில் ஒன்று ஆடும். ஃபீஸ் 100 ரூபாய், கையில் காசாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, டாக்டர் சத்தம் போடுவார். காய்ச்சல் என்று போனவர் "ஒரு ஊசி போட்டு விட்டிருங்க சார்" என்று சொல்லிவிட்டால் போச்சு. உள்ளே நடக்கிற பாட்டு தெருமுனை வரை கேட்கும்.

முதல் நாள் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும். அதுவரை பார்த்த இடங்களில் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். டாக்டர் பையை வாங்கி மேஜையில் கவிழ்த்தார். பதினொரு அட்டை. ஒவ்வொன்றாகத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தைப் படித்தார். இரண்டு அட்டையை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஆச்சி, இது ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற. ரெண்டையுமா திங்கிய?"

"காலையில சேப்பு, ராத்திரி மஞ்சள்னு சொன்னாவளே."

இரண்டுமே வயிற்று எரிச்சலுக்கான பான்டோப்ரசோல். பதினொன்றில் ஐந்து மட்டும் மிஞ்சியது. முட்டுவலிக்கு எம்ஆர்ஐ எடுக்க ஓரிடத்தில் எழுதிக் கொடுத்திருந்த சீட்டையும் பார்த்தார். "எக்ஸ்ரே போதும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல வெஸ்டர்ன் டாய்லெட் வச்சுக் குடுங்க, தம்பி. முட்டுக்கு அதுதான் வைத்தியம்" என்றார். வைத்தேன். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் குத்தவைத்து எழும்போது போடுகிற அலறல் நின்றது.

வாசலில் பழைய பள்ளிக்கூடச் சிலேட் ஒன்று தொங்கும். "சளி, இருமலுக்கு ஊசி கிடையாது. கேட்டுச் சண்டை போட வேண்டாம்." அதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வினையே இந்த வாயால்தான் வந்தது. போன வருடம் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்கேனுக்கு அனுப்புகிற டாக்டருக்குக் கமிஷன் போகிற கதையைப் புட்டுப் புட்டு வைத்திருக்கிறார். ஊர் பெயர், ஆள் பெயர் எதுவும் சொல்லவில்லை. யாரோ செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். பத்து நாளில் ஒரு வக்கீல் நோட்டீஸ். அனுப்பிய இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். சக டாக்டர்களை இழிவு செய்தார், தன்னை விளம்பரப்படுத்திக் கொண்டார், மன்னிப்புக் கேட்காவிட்டால் மெடிக்கல் கவுன்சிலில் புகார் செய்து பதிவை ரத்து செய்ய வைப்போம் என்று இரண்டு பக்கம்.

பதிலை டைப் அடிக்க என் கடைக்குத்தான் வந்தார். அன்றைக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம் எனக்குத் தெரிந்தது. டாக்டர்களின் நடத்தைக்கு 2002இல் போட்ட விதிகள்தான் இன்றும் நடப்பில் இருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி, டாக்டர்கள் சமூக ஊடகத்தில் எப்படி நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் புது விதி போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதம் 23ஆம் தேதி நிறுத்தி வைத்துவிட்டார்கள். பழைய விதியில் 1.7 என்று ஒன்று. சக டாக்டர் ஊழலோ முறைகேடோ செய்தால் அச்சமும் தயவும் பார்க்காமல் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. 6.4 கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கிறது. 7.11இல், தன்னை விளம்பரம் செய்கிற மாதிரிப் பேட்டி கொடுக்கக் கூடாது, ஆனால் பொது சுகாதாரத்தைப் பற்றித் தன் பெயரில் எழுதலாம், பேசலாம் என்றிருக்கிறது. சார் பேசியது இதில் எதில் சேரும் என்று சண்டை போடலாம்தான். எனக்குச் சந்தேகமில்லை.

சிக்கியது சிலேட். 7.13இன்படி டாக்டரின் போர்டில் பெயர், படிப்பு, பட்டம், துறை, பதிவு எண் இதற்கு மேல் எதுவும் எழுதுவது முறையல்ல. "அப்போ நம்ம சிலேட்டுதான் தம்பி குத்தவாளி" என்று சிரித்தார். சிரிப்பில் சுரத்தில்லை.

பதில் போனது. அவர்கள் கவுன்சிலுக்குப் போகவுமில்லை, மறுபடி எழுதவுமில்லை. ஆனால் கிளினிக்கில் சிலேட்டைக் காணோம், சத்தத்தையும் காணோம். அடுத்த இரண்டு மாதமும் அம்மாவுக்குப் பிரஷர் பார்த்தார், சீட்டு எழுதினார், அனுப்பினார். ஒரு வார்த்தை கூடுதலாகக் கிடையாது. வெளியில் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரையை அம்மா காட்டியபோது, "அவங்க சொன்னா சாப்பிடுங்க" என்றார். ஆட்டோவில் திரும்பும்போது அம்மா கேட்டாள்: "ஏய்யா, டாக்டருக்கு மேலுக்குச் சொகமில்லையா? ஒண்ணும் பேச மாட்டேங்காவளே."

அந்த இரண்டு மாதத்துக்கு ஸ்டார் போடச் சொன்னால் இரண்டுதான் போடுவேன். அதே ஆள், அதே ஸ்டெதஸ்கோப், அதே 100 ரூபாய். மருந்துச் சீட்டை வேறு எங்கேயும் வாங்கிக்கொள்ளலாம். "இது உனக்கு வேண்டாம்" என்ற சொல்லுக்குத்தான் நான் 4 மணிக்கே போய் நிற்கிறேன். அதை நிறுத்த யாரும் லைசென்ஸைப் பிடுங்கவில்லை, பிடுங்குவோம் என்று ஒரு தாள் வந்தது, அவ்வளவுதான். கொச்சியில் கல்லீரல் டாக்டர் சிரியக் ஆபி பிலிப்ஸுக்கு நடந்தது கேள்விப்பட்டிருப்பீர்கள். தன் தயாரிப்புகளைக் குறை சொல்லி எழுதினார் என்று ஒரு மருந்துக் கம்பெனி வழக்குப் போட்டு, 2023 செப்டம்பரில் பெங்களூரு கோர்ட் அவருடைய எக்ஸ் (பழைய ட்விட்டர்) கணக்கை முடக்க உத்தரவிட்டது. அடுத்த மாதம் உயர் நீதிமன்றத்தில்தான் மீட்டார். வழக்கு நடத்த அவருக்குத் தெம்பு இருந்தது. மார்க்கெட் பின்னால் 100 ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கிறவர் என்ன செய்வார்?

இதற்காக டாக்டர் வாயில் வருவதெல்லாம் வேதம் என்று சொல்ல வரவில்லை. என் சித்தப்பா ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி, ஏதோ பொடியைக் கரைத்துக் குடித்து, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். டாக்டர் ஒருத்தர் அப்படிச் சொல்லியிருந்தால் கவுன்சில் கூப்பிட்டுக் கேட்கத்தான் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த வீடியோக்காரர் டாக்டரே இல்லை. பதிவு எண் இருந்தால்தானே கவுன்சில் ரத்து செய்யும்! சர்க்கரையைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லேயே தனிச் சட்டம் இருக்கிறது. பொடி வியாபாரம் இன்றைக்கும் ஜோராக நடக்கிறது. படித்துப் பதிவு செய்தவர்தான் வாயை எண்ணி எண்ணித் திறக்க வேண்டியிருக்கிறது.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன். பொங்கல் கழிந்து போனபோது சிலேட் திரும்பியிருந்தது. இந்த முறை வாசலில் இல்லை, உள்ளே, எடை பார்க்கிற மெஷினுக்கு மேலே. வாசல் போர்டில் பெயர், படிப்பு, பதிவு எண் மட்டும், புதுப் பெயின்டில். "உள்ள இருந்தா அது போர்டா, சிலேட்டா சார்?" என்று கேட்டேன். "மனு எழுதறவரு நீங்கதான் சொல்லணும்" என்றார். அதற்குள் அம்மா பையை நீட்ட, அதில் புதிதாக இரண்டு அட்டை. பிடித்துக்கொண்டார் பாருங்கள்! வெளியே டோக்கனோடு இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள்: "இன்னைக்கு டாக்டர் நல்லா இருக்காவ."

போகிறவர்கள் 4.30க்குப் போனால் போதும். ஞாயிறு கிடையாது. 500 ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள், அக்காவிடம் சில்லறை இருக்காது. மாத்திரை அட்டைகளை மறக்காமல் எடுத்துப் போங்கள், மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கியதையும் சேர்த்து.